இரண்டு போன்களிலும் ஒரே குரல்

சத்தத்தைக் கூட்டுகிற பொத்தானையும் குறைக்கிற பொத்தானையும் சேர்த்து அமுக்கிப் பிடி, மூன்று எண்ணு, அதற்குள் போனுக்குள் இருக்கிறவள் பேசிவிடுவாள் என்று சொர்ணபாய் எழுதியிருந்தாள். லில்லிபுஷ்பம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அப்படியே அமுக்கிப் பிடித்து, பத்து வரைக்கும் எண்ணிப் பார்த்துவிட்டாள், புதுப் போன் வாயைத் திறக்கவில்லை. தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று திருப்பினாள். முன்பக்கமும் வழவழப்பு, பின்பக்கமும் வழவழப்பு, பின்பக்கத்து மூலையில் மட்டும் மூன்று வட்டம் கொப்புளம் மாதிரி தடித்திருந்தது, அதுதான் கேமரா, அப்படியானால் அதுதான் இதற்குக் கண், கண் குப்புறக் கிடக்கட்டும் என்று விரிப்பின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். கைக்கடிகாரத்தின் மூடியைத் திறந்து முள்ளைத் தடவினாள். பத்து நாற்பது. பன்னிரண்டு மணிக்குக் கோயம்புத்தூரில் மகள் ஷைனியை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய்விடுவார்கள். அதற்கு முன்னால் இந்தப் போன் பேச வேண்டும், பேசி, கேட்பதையெல்லாம் கேட்டு முடித்து, ஒரு நம்பரைப் போட விட வேண்டும், அவ்வளவுதான், ஆண்டவரே அவ்வளவுதான். வீட்டில் யாரும் இல்லை. இல்லை என்பது அவளுக்குக் காதால் தெரிந்த இல்லை. மருமகள் ஹெப்சியின் பள்ளிக்கூட வேன் எட்டரைக்கு ஆரன் அடித்துப் போயிற்று, மகன் சிங்கின் பைக் ஒன்பதே காலுக்குத் தெருமுனை வளைவில் சத்தம் தேய்ந்து மறைந்தது, அதற்குப் பிறகு ஃபிரிட்ஜ் மட்டும் முனகி முனகி ஓய்கிறது. ஆனாலும் பார்வை உள்ளவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டால் பூனை மாதிரிதான். முன்பொரு நாள் ஷைனிக்காக வாய்விட்டு ஜெபித்துக்கொண்டிருந்தபோது, எல்லாம் சொல்லி அழுது முடித்து மூக்கைத் துடைத்த பிறகு, வாசல்படியிலிருந்து, இரண்டு எட்டு தூரத்திலிருந்து, சாப்பிட வாங்கம்மா என்றான் சிங். எவ்வளவு நேரமாக நின்றானோ. அன்றிலிருந்து அவள் ஜெபத்துக்குச் சத்தம் கிடையாது. இப்போதும் வாசல்படிப் பக்கம் முகத்தைத் திருப்பிக் காற்றைக் கேட்டாள். அந்தப் பக்கத்துக் காற்று கொஞ்சம் கனமாக இருக்கிற மாதிரி இருந்தது. வெயில் ஏறுவதால் இருக்கும். எழுந்து போய்க் கையை நீட்டித் துழாவினாள், நிலைப்படி, திரைச்சீலை, திரைச்சீலைக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

சொர்ணபாய் செவ்வாய்க்கிழமை வந்தாள். பார்வையற்றோர் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், பிறகு முப்பது வருஷம் ஒரு பாங்கியில் டெலிபோன் ஆபரேட்டர், இப்போது ஓய்வு. இரவல் வாங்கிப்போன பாட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்ததாகச் சொன்னாள், பிரெயில் புத்தகம், மூன்றாம் பாகம், தலையணை அளவு தடிமன். அன்றைக்கு சிங் வீட்டில் இருந்தான், எதிர் நாற்காலியிலேயே இருந்தான், தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகவில்லை, ஆன்ட்டி காபி எடுத்துக்கிடுங்க, ஆன்ட்டி மிக்சர் எடுத்துக்கிடுங்க என்று தாங்கினான். சொர்ணபாய் காபியைக் குடித்தாள், ஏட்டி, எழுபத்திரண்டாம் பாட்டைப் படி, உனக்குப் பிடிச்சது, என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். மடியில் விரித்துப் பார்த்தால் எழுபத்திரண்டாம் பாட்டு இருந்த இடத்தில் வேறு தாள் செருகியிருந்தது. புதிதாகக் குத்திய புள்ளிகள் விரலில் முள்முள்ளாக நின்றன. சிங் எதிரே உட்கார்ந்திருக்க, அவன் கண்ணுக்கு முன்னாலேயே, அவள் விரல் அதைப் படித்தது. ஷைனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உனக்குப் போன் போடுகிறாள், மூன்று வருஷமாக. ஒரு மணி அடித்துக் கட்டாகிவிடுகிறதாம். ஒரு மணி அடித்துக் கட்டானால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும் புஷ்பம், என் தொழில் அது. உன் போனுக்குள் அவளுக்குத் தடை போட்டிருக்கிறது. அவளுக்கு இப்போது ஒன்பதாம் மாதம், ரத்தக்கொதிப்பு, வலிப்பு வந்துவிடும் என்று பயந்து வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள், உள்ளே போகிறதுக்கு முன்னால் அம்மா குரலைக் கேட்டால் போதும் ஆன்ட்டி என்று அழுகிறாள். என்ன பாட்டும்மா என்று சிங் கேட்டான். விரல் நின்ற இடத்திலிருந்து நகராமல், அவள் ஏதோ ஒரு பாட்டின் முதல் வரியைச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. அது நடுங்காமல் போனதுதான் பிறகு ராத்திரி முழுக்க அவளைப் பயமுறுத்தியது. புத்தகத்தின் பின் பாதியில் பக்கங்களைச் சதுரமாக அறுத்து எடுத்த குழிக்குள் போன் இருந்தது, சிம் போட்டு. ஆண்டவர் பாட்டை அறுத்துவிட்டாளே என்று ஒரு கணம் வருத்தமும் வந்தது. நேற்று வரை சிங்குக்கு லீவு, மூன்று நாளாக அது அலமாரியில் எல்லாருக்கும் முன்னால் இருக்கிறது. அந்த வீட்டில் பார்வை உள்ள யாரும் அந்தப் புத்தகத்தைத் திறக்க மாட்டார்கள், அவர்களுக்கு அது வெள்ளைத் தாள்.

பக்கவாட்டில் இருந்த இன்னொரு பொத்தானை நீளமாக அமுக்கியதும் கைக்குள் ஒரு அதிர்வு ஓடியது, அடடா, இத்தனை நேரமும் அது அணைந்தே கிடந்திருக்கிறது, தூங்குகிறவளிடம் பேசு பேசு என்றால் எப்படிப் பேசுவாள். மறுபடி இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அமுக்கினாள், மூன்று எண்ணுவதற்குள் ஒரு பெண் இங்கிலீஷில் பேசினாள். சொர்ணபாயின் தாளை இடது தொடையின் மேல் வைத்துக்கொண்டு, இடது கையால் அதைப் படித்து, வலது கையால் கண்ணாடியைத் தள்ளினாள். வலப்பக்கமாகத் தள்ளினால் அடுத்தது, இரண்டு தட்டுத் தட்டினால் சரி. எங்கே தட்டினாலும் சரி, கடைசியாக அவள் எதைச் சொன்னாளோ அதுதான் திறக்கும், அதனால் சொல்வதைக் கேட்டு முடித்துத் தட்டு, அவசரப்படாதே. பாஷைகளின் பட்டியல் போய்க்கொண்டே இருந்தது, ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, தெரியாத ஊர்களின் ரயில் நிலையங்களைத் தாண்டுகிற மாதிரி, தமிழ் என்று வந்ததும் தட்டினாள். வரவேற்கிறோம் என்றாள் அவள். அந்தக் குரலைக் கேட்டதும் லில்லிபுஷ்பம் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பழைய போனில் இருப்பவளும் இவள்தான். அதே குரல், அதே ஒட்டாத மரியாதை. பழைய போன் அவள் கழுத்திலேயே தொங்குகிறது, ஹெப்சி பின்னிக் கொடுத்த கம்பளி நூல் பையில், எங்கேயும் வைத்துத் தொலைத்துவிடாமல் இருக்க, குளிக்கும்போதும் தூங்கும்போதும் மட்டும் கழற்ற. அதை சிங்தான் வாங்கினான், அவன்தான் அதன் கணக்கைத் தன் போனோடு இணைத்து எல்லாம் போட்டுக் கொடுத்தான். யாரோ ஒருத்தன் பரிசு விழுந்திருக்கு என்று அவளிடம் பேசிய மறுநாள், கண்டவனும் உங்களை ஏமாத்துறான்மா என்று சொல்லி, நாலு பேரைத் தவிர யாரும் கூப்பிட முடியாதபடியும் அவளும் நாலு பேரைத் தவிர யாரையும் கூப்பிட முடியாதபடியும் செய்தான். அவன், ஹெப்சி, சபைப் போதகர் ஐயர், டாக்டர். வேறு எந்த நம்பரைப் போட்டாலும் அனுமதி இல்லை என்பாள் இந்தப் பெண். முதலில் அது பாதுகாப்பாகத்தான் இருந்தது. நாலு சுவருக்கு நாலு பேர் என்று அவளே ஐயரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அவன் கெட்டவன் இல்லை, அதைச் சொல்லாமல் அவளால் எதையும் நினைக்க முடியாது. சனிக்கிழமை தோறும் அவளுக்கு நகம் வெட்டிவிடுகிறான். மீனில் முள் எடுத்து, விரலால் நசுக்கிப் பார்த்து, இனி பயமில்லம்மா என்று தட்டில் வைக்கிறான். எந்தப் பெண் பிள்ளை செய்யும் இதை என்று சபையில் சொல்கிறார்கள். ஷைனி வேற்று மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டு போன இருபத்தாறாம் நாள் அவள் அப்பா தவமணி குளித்துவிட்டு வந்து துண்டோடு சரிந்தார், சிங்தான் தூக்கினான், தூக்கின கையில்தான் போனார். அவள்தான் கொன்னா என்று அவன் ஒரே ஒரு தடவை சொன்னான், அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று. பிறகு சொல்லவேயில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. ஷைனி ஏதாவது கூப்பிட்டாளா சிங்கு என்று அவள் கேட்கும்போதெல்லாம், நம்பர் மாத்திட்டா போலிருக்கும்மா, அவளுக்கே தோணும்போது வரட்டும் என்று அவன் முள் எடுத்த மீன் மாதிரி மெத்தென்று ஒரு பதிலை வைத்தான், அவளும் அதை விழுங்கினாள். மூன்று வருஷம். மகள் மனதைக் கல்லாக்கிக்கொண்டாள் என்று, அந்தக் கல்லை உருக்கும் ஆண்டவரே என்று மூன்று வருஷம் கேட்டிருக்கிறாள். அவர் என்ன நினைத்திருப்பார். பிள்ளை ஞாயிறு தோறும் கதவைத் தட்டிக்கொண்டு நிற்க, உள்ளே ஒருத்தி அவள் வரவில்லையே என்று முழங்காலில் நிற்கிறாளே என்று. இந்த நினைப்பில் விரல் நின்றுவிட்டது. ஏதோ திரையில் இருந்தாள், எந்தத் திரை என்று மறந்துபோயிற்று. கடிகாரத்தைத் தடவினாள். பதினொன்று இருபத்தைந்து. சொர்ணபாயின் தாளில் அடுத்த வரி அழுத்திக் குத்தியிருந்தது. கணக்கு கேட்பாள், பழைய போனிலிருந்து எடுக்கவா என்பாள், வேண்டாம், தவிர் என்று வரும் வரைக்கும் தள்ளு, தவிர் என்றதும் தட்டு.

தள்ளினாள். உங்கள் பழைய சாதனத்திலிருந்து நகலெடுக்கவா என்றாள் அவள். நகலெடு என்றாள். அடுத்ததுக்குத் தள்ள விரலை எடுத்தபோது, அதே குரல், மார்புக்குள்ளிருந்து பேசியது. அருகில் ஒரு புதிய சாதனம் உள்ளது. மடியிலும் அவள், கழுத்திலும் அவள். இரண்டு பேரும் ஒரே பெண், ஒருத்தி சொல்லி முடிக்குமுன் மற்றவள் தொடங்கினாள், எது எதிலிருந்து வருகிறது என்று பிரிக்க முடியவில்லை, கிணற்றுக்குள் கத்தினால் வருகிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறியது, அமை, நகலெடு, உங்கள் கணக்கு, புதிய சாதனம். கம்பளிப் பையை இறுகப் பொத்தினாள், பொத்தினால் உள்ளே எதையாவது அமுக்கிவிடுமோ என்று கையை எடுத்தாள். பிறகு ஒரு அமைதி. அந்த அமைதியில் தெளிவாக, அழகாக, தவிர் என்றாள் அவள். ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று லில்லிபுஷ்பம் மடியில் இருந்த கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். தட்டின பிறகுதான் விரல் வழியாக மேலேறி வந்தது, அந்தத் தவிர் கழுத்திலிருந்து வந்தது. பழைய போன் சொன்ன தவிர். அவள் தட்டியது புதுப் போனை. புதுப் போன் கடைசியாகச் சொல்லி நின்றது நகலெடு. காது ஒன்றிலும் கை ஒன்றிலுமாக, ஐம்பது வருஷமாகக் காதை நம்பிக் கையை வைக்கிறவளுக்கு, இப்படி ஒரு தப்பு வந்ததே இல்லை. மடியில் ஒரு மெல்லிய இசை ஓடியது. உங்கள் கணக்கைச் சரிபார்க்கிறோம், ஜெபசிங்கின் மொபைலுக்கு அறிவிப்பு அனுப்பியுள்ளோம், அதில் ஆம் என்று தட்டவும்.

ஜெபசிங்கின் மொபைல், சிங்கின் மொபைல். அது எங்கே இருக்கும் இப்போது, மேஜை மேல், ஃபைல்களுக்குப் பக்கத்தில், அல்லது அவன் சட்டைப் பையில், நெஞ்சுக்கு மேல். அங்கே போய் இது தட்டியிருக்கும். ஒருவேளை சத்தத்தை அணைத்திருப்பான். ஒருவேளை மேலதிகாரி கூப்பிட்டிருப்பார். பின்னால் போகிற பொத்தான் எங்கே என்று தாளில் இருக்கும், விரல் தாளைத் தேடியது, புள்ளிகள் எல்லாம் வெறும் மணலாக ஓடின. கழுத்தில் பாட்டுச் சத்தம் வந்தது. சிங் அழைக்கிறார் என்றாள் அவள். சிங் அழைக்கிறார். எடுக்காமல் விட்டால் விழுந்து கிடக்கிறாள் என்று நினைப்பான், பக்கத்து வீட்டாரை அனுப்புவான். எடுத்தாள். சாப்பிட்டீங்களாம்மா என்று கேட்டான், இட்லி மிச்சம் இருந்ததே என்று கேட்டான், மாத்திரை போட்டாச்சா என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் ஆமா ஆமா என்றாள்.

“உங்க அக்கவுண்ட்டை வேற ஏதோ போன்ல திறக்கப் பாக்காங்கம்மா. என் போன்ல கேக்குது, ஆமாவா இல்லையான்னு. அது நீங்கதானா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். இல்லை என்றால் அவனும் இல்லை என்று அமுக்கிவிடுவான், ஏமாற்றுக்காரன் என்று நினைத்துக்கொள்வான், ஒன்றே கால் மணிக்குச் சாப்பிட வந்து அதைப் பற்றியே பேசுவான், அவளும் ஐயோ காலம் கெட்டுப் போச்சே என்று சொல்லிக்கொண்டு ரசத்தை ஊற்றலாம். ஒரு சொல். செவ்வாய்க்கிழமை ஒரு பாட்டு வரியைச் சொன்ன வாய்தானே. ஆனால் மூன்று வருஷமாக இந்த வீட்டில் எல்லாமே இப்படி மெத்தென்ற ஒரு சொல்லால்தான் மூடப்பட்டிருக்கிறது, அவன் ஒன்று மூட, அவள் ஒன்று மூட, இனி அடியில் எது கிடக்கிறதென்று இருவருக்குமே தெரியாமல் போய்விடும்.

“நான்தான் சிங்கு.”

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றியது. யாரோ யாரையோ ஸ்டாம்ப் பேடு எங்கே என்று கேட்டார்கள். யார் போன் கொடுத்தா என்று கேட்டான். சொர்ணபாய் ஆன்ட்டியா என்று கேட்டான், அவள் பெயரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவன் குரல் உயரவே இல்லை. “அசையாம இருங்கம்மா. ஒண்ணுலயும் கை வைக்காதீங்க. நான் வாறேன்.” மீன் முள் எடுக்கிற குரல்.

அவனுடைய அலுவலகத்திலிருந்து பைக்கில் பத்து நிமிஷம், சிக்னலில் நின்றால் பன்னிரண்டு. அவன் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் அழைப்பைத் துண்டித்தாள், பெற்ற பிள்ளை பேசும்போது துண்டிப்பது இதுதான் முதல் தடவை, விரல் தீயைத் தொட்ட மாதிரி இருந்தது. நூல் பையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கட்டிலில் போட்டாள், கழுத்து லேசாகிப் பயமாக இருந்தது. இந்த அறையில் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே விழுந்துவிட்டால் எப்படித் திறப்பது என்று தவமணி இறந்த வருஷமே சிங் அதைக் கழற்றிவிட்டான், அது இருந்த இடத்தில் நாலு ஓட்டைகள்தான், அவள் அவற்றை விரலால் அடிக்கடி தொட்டுப் பார்ப்பதுண்டு. புதுப் போனையும் தாளையும் எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து, பதினோரு எட்டு நடந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இங்கே ஒரே ஒரு குரல்தான் பேசியது, ஈரச் சுவர்களில் பட்டுப் பெரிதாகப் பேசியது, வெளியே தெருவுக்கே கேட்டிருக்கும், கேட்கட்டும். தாளில் இருந்தபடி பின்னால் போனாள். கணக்கு வேண்டுமா, தவிர். கணக்கு இல்லாவிட்டால் பல வசதிகள் கிடைக்காது, தவிர். ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், எதற்கென்று தெரியாமல் ஒப்புக்கொண்டாள். பூட்டு அமைக்கவும் என்றாள் அவள், தவிர் என்று தட்டினாள், நிச்சயமாகவா, பூட்டு இல்லையென்றால் உங்கள் போனை யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று அவள் எச்சரித்தாள். லில்லிபுஷ்பத்துக்குச் சிரிப்பு வந்தது. தவிர், பெண்ணே, தவிர். உள்ளங்கை வியர்த்துக் கண்ணாடி வழுக்கியது, முந்தானையில் துடைத்துக்கொண்டாள். தெருவில் ஒரு பைக் வந்தது. அவனுடையது இல்லை. இன்னொன்று வந்தது. அதுவும் இல்லை. எல்லாம் தயார் என்றாள் அவள்.

தாளின் கடைசி வரியில் இருந்த ஷைனியின் நம்பரைப் படித்து, எண்களை ஒவ்வொன்றாகத் தடவி, போன் சொல்லக் கேட்டு விரலைத் தூக்கினாள். ஒன்பது. எட்டு. நான்கு. எட்டாவது எண்ணில் தப்பு விழுந்தது, அழித்தாள், அழிக்கப்பட்டது என்றாள். தெருமுனை வளைவில் பைக் திரும்பியது. இது அவனுடையதுதான், வளைவில் கியரைக் குறைக்கும்போது இருமுகிற அந்த இருமல். கடைசி இரண்டு எண்கள். அழை என்றாள் அவள். இரண்டு தட்டு. கேட் கிறீச்சிட்டது. ஒரு மணி அடித்தது. அந்த ஒரு மணிக்கும் அடுத்ததற்கும் இடையில் அவள் கேட்டது அவளுடைய ரத்தத்தை, பிறகு வாசல் சாவியை. இரண்டாவது மணி அடித்தது. மூன்றாவது அடித்தது. ஹலோ, யாருங்க என்றது ஒரு குரல், மூச்சு வாங்கியது, பின்னால் உலோகச் சக்கரங்கள் உருண்டன. லில்லிபுஷ்பம் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தாள். மூன்று வருஷத்தில் குரல் கனத்திருந்தது. யாருங்க, இங்க போனை வாங்கி வைக்கப் போறாங்க, சீக்கிரம் சொல்லுங்க என்றது.

“ஷைனி.”

சக்கரங்கள் நின்றன.

“அம்மா?”

“சாப்பிட்டியாட்டி?”

“சாப்பிடக் கூடாதுன்னுட்டாங்கம்மா,” என்று சொல்லி அவள் அழுதாள், அழுதுகொண்டே அம்மா என்றாள், மறுபடி அம்மா என்றாள், வேறு எதுவும் இல்லை. அப்போது கதவு தட்டப்பட்டது. விரல் மடக்கி, மெதுவாக, மூன்று தட்டு. அம்மா, கதவைத் திறங்க. உள்ள தரை ஈரமா இருக்கும், வழுக்கிரும், திறங்கம்மா. அங்க யாரும்மா என்றாள் ஷைனி. உங்கண்ணன் தட்டுறான், தட்டட்டும், என்றாள் லில்லிபுஷ்பம், சத்தமாகவே சொன்னாள். தட்டுவது நின்றது. போகவில்லை. செருப்பு நகரவில்லை, கதவுப் பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சு நின்றது, ஓடி வந்த மூச்சு, அடக்கப் பார்க்கிற மூச்சு. இந்தத் தடவை அவன் நிற்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஜெபம் பண்ணுங்கம்மா, கூப்பிடுதாங்க என்றாள் ஷைனி. லில்லிபுஷ்பம் எழுந்து நின்று, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மூன்று வருஷமாகச் சத்தம் இல்லாமல் கிடந்ததைச் சத்தத்தோடு சொன்னாள். இந்தப் பிள்ளையை உம் கையில் தாறேன், கத்தி பிடிக்கிற கையைப் பிடித்துக்கொள்ளும், வயிற்றுக்குள் இருக்கிறதை அழுகையோடு வெளியே கொண்டு வாரும், கதவுக்கு வெளியே நிற்கிற பிள்ளையையும் பிடித்துக்கொள்ளும், அவனுக்கும் வலிக்கிறது, அவனை நான் திட்டாமல் விட்டது என் தப்பு, அதை மன்னியும். ஆமென்.

ஆமென் என்றது கோயம்புத்தூரிலிருந்து. சக்கரங்கள் உருண்டன, யாரோ போனை வாங்கினார்கள், ஒரு கதவு ஆடி மூடியது, அழைப்பு முடிந்தது என்றாள் போனுக்குள் இருந்தவள்.

அந்த வீட்டில் ஜெபம் முடிந்தால் இருக்கிறவர்கள் எல்லாரும் ஆமென் சொன்ன பிறகுதான் முழங்காலை எடுப்பார்கள், தவமணி அப்படிப் பழக்கியிருந்தார், ஒருவர் சொல்லாவிட்டாலும் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். லில்லிபுஷ்பம் தாழ்ப்பாளின் மேல் கையை வைத்தபடி காத்திருந்தாள். குழாய் சொட்டியது. கடிகாரத்தின் மூடியை மெல்லத் திறந்தாள், பதினொன்று ஐம்பது, மூடினாள். கதவுக்கு அந்தப் பக்கம் அந்த மூச்சு அங்கேயே இருந்தது. அது ஆமென் சொல்லவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை.